கடல் கடக்கும் இரட்டைக்குழல்

லண்டனில் கைவேலையாகச் செய்யப்படும் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றைப் புதிதாக வாங்க இன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அப்படிக் கைக்கு வந்ததை ஒருவர் வெளிநாட்டு வேட்டைக்காக அலுமினியப் பெட்டியில் பூட்டி, விமான நிலையத்தில் மற்றவர்களின் சூட்கேஸ்களோடு சேர்த்து அனுப்புகிறார். பெட்டி வழியில் காணாமல் போகிறது. விமான நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அமெரிக்கப் பணத்தில் சொன்னால் ஏறத்தாழ 2,000 டாலர்.

1999-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை வகுத்த கணக்கு இது. ஆரம்பத்தில் 1,000 எஸ்டிஆராக இருந்தது, படிப்படியாக உயர்ந்து 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவில் நிற்கிறது. பெட்டிக்குள் இருந்தது பழைய சட்டைகளா, தாத்தா விட்டுப்போன துப்பாக்கியா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. பெட்டியை ஒப்படைக்கும்போதே 'உள்ளே இருப்பது இவ்வளவு மதிப்புள்ளது' என்று அறிவித்து, கூடுதல் கட்டணம் செலுத்தி வரம்பை உயர்த்திக்கொள்ள உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் பல நிறுவனங்கள் அந்த உயர்வுக்கும் ஓர் எல்லை வைத்திருக்கின்றன. விலையுயர்ந்த பொருள்களுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பயண நிபந்தனைகளில் எழுதிவைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

வேட்டைக்காரர்கள் கூடினால் காட்டெருமை திரும்பிப் பாய்ந்த கதை வரும். துப்பாக்கியைத் தொலைத்தவர்களின் கதையில் காட்டெருமை வருவதே இல்லை. கவுண்டர் வரும், கன்வேயர் வரும், சுங்க மேசை வரும், விடுதி வாசலில் நிறுத்திய ஜீப் வரும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களில்தான் துப்பாக்கி தொலைகிறது, உடைகிறது, பறிமுதலாகிறது. காட்டில் அது உரிமையாளரின் கையிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் எதற்காக எடுத்துப்போக வேண்டும்? போகும் இடத்தில் வாடகைக்கு ரைஃபிள் கிடைக்காதா? கிடைக்கும். ஆனாலும் எடுத்துப்போகிறார்கள். அதில் பாதி ஆசை, மீதி தொழில்நுட்பம்.

தொழில்நுட்பத்தை முதலில் பார்த்துவிடலாம். இரட்டைக்குழல் ரைஃபிளின் குழல்கள் பார்வைக்கு இணையாகத் தெரியும். உண்மையில் முன்முனையை நோக்கிப் போகப் போக அவை ஒன்றையொன்று சற்றே நெருங்குகின்றன. குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னுதைப்பால் துப்பாக்கி எழும்பி, வலக்குழல் என்றால் வலப்பக்கமும் இடக்குழல் என்றால் இடப்பக்கமும் நகர்கிறது. அந்த நகர்வையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் குழல்களை இணைக்க வேண்டும். கம்மியர் சுட்டுப் பார்க்கிறார். ஈயப் பற்றை இளக்கி, முன்முனையில் இருக்கும் சிறு ஆப்பை இம்மி அளவு நகர்த்துகிறார். மறுபடி சுட்டுப் பார்க்கிறார். இரண்டு குழல்களின் குண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இது நடக்கும். இந்த உழைப்பு முழுவதும் குறிப்பிட்ட எடையுள்ள, குறிப்பிட்ட வேகத்தில் போகும் ஒரு குண்டுக்காகச் செய்யப்படுவது. உதாரணமாக .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டா வகை என்றால் 500 கிரெயின், அதாவது 32 கிராம் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகம். வேறு தோட்டாவைப் போட்டால் வலக்குழல் ஒரு திசையிலும் இடக்குழல் வேறு திசையிலும் சுடும்.

ஆக, இந்த ரைஃபிள் தனியாகப் போவதில்லை. தனக்குப் பழகிய தோட்டாவோடு ஜோடியாகத்தான் போகிறது. அங்கேதான் முதல் முடிச்சு விழுகிறது. விமானப் பயணி ஒருவர் அதிகபட்சம் 5 கிலோ தோட்டா கொண்டுபோகலாம், அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, பொட்டலத்தின் எடையையும் சேர்த்து. இரண்டு பேர் போகிறோம், ஒரே பெட்டியில் 10 கிலோவாகப் போடுகிறோம் என்றால் விடமாட்டார்கள். .470-ன் குண்டு மட்டுமே 32 கிராம். பித்தளைக் கூடும் மருந்தும் சேர்ந்தால் ஒரு தோட்டா அறுபது கிராமைத் தாண்டிவிடும். தென்னாப்பிரிக்கா ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை அனுமதிக்கிறது. இந்தக் காலிபரில் அந்த அனுமதி காகிதத்தில்தான் இருக்கும், ஏனென்றால் எண்பது தோட்டாவிலேயே விமானத்தின் தராசு நின்றுவிடும்.

அந்தத் தோட்டாப் பெட்டி மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டால்? ஒரு லட்சம் பவுண்டு ரைஃபிள் கையில் இருந்தும் பயனில்லை. 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் இன்றுவரை ஆப்பிரிக்கப் பயணத்துக்கு முதல் தேர்வாக நீடிப்பதற்கு அதன் வலிமையைப் போலவே இன்னொன்றும் காரணம்: கடைசி ஊரின் கடையிலும் அதற்குத் தோட்டா கிடைக்க வாய்ப்பு உண்டு. சட்டமும் அதற்குச் சாதகம். ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமை போன்றவற்றுக்குக் குழலின் விட்டம் குறைந்தது 9.2 மில்லிமீட்டர், குண்டின் ஆற்றல் குறைந்தது 5.3 கிலோஜூல் இருக்க வேண்டும். .375 இரண்டையும் தாண்டிவிடுகிறது.

ஆசை என்று சொன்னேனே, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1909-ல் அமெரிக்க அதிபர் பதவியை விட்டிறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரோடு போனவற்றில் ஃபாக்ஸ் நிறுவனம் அன்பளிப்பாகத் தந்த 12 போர் என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று. 2010-ல் அது ஏலத்துக்கு வந்தபோது 8,62,500 டாலருக்குப் போனது. அதே காலத்தில் அதே கம்பெனி செய்த மற்ற துப்பாக்கிகளுக்கு இந்த விலை கிடையாது. பயணம்தான் அதற்கு விலை கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: எந்தப் பயணம் துப்பாக்கியை விலைமதிப்பற்றதாக ஆக்கியதோ, அதன் பிறகு அந்தத் துப்பாக்கி பயணமே போக முடியாமல் ஆகிவிடுகிறது. ரூஸ்வெல்ட் அதே பயணத்தில் வைத்திருந்த, ஹாலண்ட் நிறுவனம் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள் இன்று லூயிவில் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

இனி காகிதம். இதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சம்பிரதாயம். கனடாவுக்குப் போகும் வெளிநாட்டவர் அதற்கான அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, கட்டணம் கட்டினால் 60 நாளைக்கு அது உரிமமாகச் செல்லும். ஆனால் கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது, சுங்க அதிகாரியின் கண்முன்னால்தான் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேட்டைக்காரருக்கு ஐரோப்பிய துப்பாக்கி பாஸ் என்ற சிறு கையேடும், எதற்காகப் போகிறார் என்பதற்கான அழைப்புக் கடிதமும் பெரும்பாலும் போதும். பிரிட்டனில் உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களுக்காகப் பொறுப்பேற்று, தன் பகுதிக் காவல்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நியூசிலாந்து வருகையாளர் உரிமம் என்று தனியாக ஒன்று தருகிறது.

தென்னாப்பிரிக்காவின் படிவம் எஸ்ஏபிஎஸ் 520. கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், நீல மை ஆகாது. இங்கும் கையெழுத்து அதிகாரியின் முன்னால்தான். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் காவல்துறையின் துப்பாக்கி அலுவலகம் இருக்கிறது. பயணிகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். துப்பாக்கி உங்களுடையதுதான் என்பதற்கு உங்கள் நாட்டு ஆதாரம் எங்கே என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று.

அமெரிக்கருக்கு இது சங்கடமான கேள்வி. சாதாரண ரைஃபிளுக்கு அமெரிக்க மத்திய அரசு உரிமம் எதுவும் கொடுப்பதில்லை. இல்லாத உரிமத்தை எங்கிருந்து காட்டுவது? அதனால் அமெரிக்கச் சுங்கத்துறையின் 4457 என்ற படிவம் அந்த இடத்தை நிரப்புகிறது. அந்தப் படிவம் எதற்காக உருவானது தெரியுமா? கேமரா, கைக்கடிகாரம் போன்ற சொந்தப் பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும்போது, அவற்றுக்குத் தீர்வை கேட்கக் கூடாது என்பதற்காக. துப்பாக்கியை நேரில் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் அதிகாரி வரிசை எண்ணைச் சரிபார்த்து முத்திரை குத்தித் தருவார். அவ்வளவுதான். படிவத்தின் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அது அச்சுப் படிவத்துக்கான தேதி. துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடல் கடந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் காவலர் அதைப் பார்த்து 'உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டதே' என்றால், பத்து மணி நேரம் பறந்து வந்த களைப்பில் அவருக்கு அமெரிக்க அலுவலக நடைமுறையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விஷயம் தெரிந்தவர்கள் புறப்படும் முன்பே புதிய தேதி போட்ட படிவத்தில் மறுபடி முத்திரை வாங்கிவிடுகிறார்கள். விளக்கம் சொல்லி வெல்வதைவிட முத்திரை வாங்குவது சுலபம்.

எந்த நாட்டுப் படிவமானாலும் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: வரிசை எண். பழைய, விலையுயர்ந்த துப்பாக்கிகள் தடுமாறும் இடமும் அதுதான். இன்றைய தொழிற்சாலை ரைஃபிளில் எண் பளிச்சென்று ஒரே இடத்தில் இருக்கும். நூறு வருடப் பழைய ஆங்கிலத் துப்பாக்கியில் விசைக்காப்பின் வால்பகுதியில் ஒரு முறை, குழலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் ஒரு முறை, முன்கட்டையின் இரும்பில் ஒரு முறை என்று செதுக்கியிருப்பார்கள். செதுக்குப் பூவேலையின் நடுவே 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். ஜோடியாகச் செய்த துப்பாக்கிகளென்றால் மேற்பட்டையில் தங்கத்தில் '1', '2' என்று பதித்திருக்கும். அவசரத்தில் இருக்கும் குமாஸ்தா அந்தத் தங்க '1'-ஐயே வரிசை எண்ணாக எழுதிவிட்டால், திரும்பி வரும் நாளில் படிவமும் துப்பாக்கியும் பொருந்தாது. காலிபரிலும் இதே கதை. குழலில் '.500/.450' என்று இருக்கும், காகிதத்தில் '.450' என்று மட்டும் ஏறியிருக்கும். அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன்பு செய்த சில ஷாட்கன்களிலும் சிறு ரைஃபிள்களிலும் வரிசை எண்ணே கிடையாது. எண் இல்லாத துப்பாக்கியை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயல்வது வீண் வேலை என்பேன்.

எண் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தெளிவாகப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு, படிவங்களோடு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதிகாரியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க விடுவதைவிட அது மேல். பளபளக்கும் வால்நட் கட்டையில் அடுத்தவரின் கைக்கடிகாரப் பட்டை போடும் கீறலுக்கு எந்தப் படிவத்திலும் இழப்பீடு கிடையாது.

கட்டணம் குறைவு என்று இரண்டு இடத்தில் விமானம் மாறும் சீட்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இடையில் இறங்கும் நாட்டுக்கும் துப்பாக்கிச் சட்டம் உண்டு. பெட்டி நேராக அடுத்த விமானத்துக்கு மாறினால் சில நாடுகள் கண்டுகொள்வதில்லை, சில நாடுகள் அதற்கும் முன் அனுமதி கேட்கின்றன. இரவு தங்கல் இருந்து, பெட்டியைக் கையில் வாங்கிவிட்டால் கதையே வேறு. அந்த நொடியில் நீங்கள் அந்த நாட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவந்தவர். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால் பெட்டி கடைசிவரை போகாமல் நடுவில் வெளியே வரலாம். நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் காவல் நிலையத்தில் உட்கார வேண்டாம். கடைசி ஊர்வரை ஒரே சீட்டு, முடிந்தவரை ஒரே மாற்றம். விலையுயர்ந்த துப்பாக்கிக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

பழைய துப்பாக்கியில் இன்னொரு கண்ணி தந்தம். இருட்டும் நேரத்தில் குறிபார்க்கக் குழலின் முனையில் மடக்கி நிமிர்த்தும் ஒரு வெள்ளை மணி இருக்கும். அந்தக் காலத்தில் அதைப் பெரும்பாலும் தந்தத்தில்தான் செய்தார்கள். மிளகளவுதான், ஆனால் தந்தம் தந்தம்தான். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-ல் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்க யானையை அதன் முதல் பட்டியலில் சேர்க்க 1989-ல் முடிவானது. அதன்பிறகு எல்லை கடக்கும் தந்தத் துணுக்குக்கும் வயதைச் சொல்லும் சான்றிதழ் வேண்டியதாகிவிட்டது. இன்று செய்பவர்கள் காட்டுப்பன்றி இனமான வார்ட்ஹாக்கின் கொம்புப்பல்லைப் பயன்படுத்துகிறார்கள். அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதுதான் தொல்லை. பன்றிப்பல்தான் என்று கம்மியரிடம் எழுதி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. பயணத்துக்கு மட்டும் அந்த மணியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் புத்திசாலிகள் என்பேன்.

பெட்டியைப் பற்றியும் கொஞ்சம். வேட்டைத் துப்பாக்கி உடையும் இடம் பெரும்பாலும் கைப்பிடி, அதாவது கட்டை மிக ஒல்லியாக இருக்கும் கழுத்து. பெட்டி உயரத்திலிருந்து விழும்போது கனமான இரும்பு ஒரு பக்கம் இழுக்க, மரம் அந்தக் கழுத்தில் விண்டுபோகும். இரட்டைக்குழலுக்கு இதில் ஒரு நன்மை: குழல் தனி, கட்டை தனி என்று கழற்றி வைக்கலாம். இழுப்பும் குறையும், பெட்டியும் முக்கால் மீட்டருக்குள் அடங்கும். சின்னப் பெட்டியைப் பார்த்தால் உள்ளே துப்பாக்கி இருப்பதாகத் தோன்றாது. நீளமான பெட்டி தூரத்திலிருந்தே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தோலும் ஓக் மரமுமாகச் செய்த அந்தக் காலப் பெட்டிகள் ரயிலுக்கும் கப்பலுக்கும் செய்தவை. தோளில் சுமக்கும் கூலியாள் இருந்த உலகம் அது. இன்றைய கன்வேயரில் அதை அப்படியே போட்டால் பெட்டியே ஏலத்துக்குப் போகும் பொருள், அதுவும் பாழாகும். வெளியே ஒரு முரட்டு அலுமினியப் பெட்டி, உள்ளே இது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்க விதிப்படி துப்பாக்கி காலியாக, கடினமான பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கவுண்டரில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். 'உள்ளே துப்பாக்கி' என்று பெட்டியின் வெளியே அட்டை ஒட்டச் சொல்ல விமான நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது. திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடும் அல்லவா?

உள்ளே போடும் நுரைப் பஞ்சு இன்னொரு துரோகி. குளிர்ந்த சரக்கறையில் பத்து மணி நேரம் கிடந்த இரும்பு, ஈரக்காற்றுள்ள ஊரில் திறந்ததும் வியர்க்கும். நுரை அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு விடிவதற்குள் துருவாகத் திருப்பிக் கொடுக்கும். முகாமுக்குப் போனதும் குளிப்பதற்கு முன்பே துப்பாக்கியை வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். பக்கவாட்டு விசைத்தகடுகளைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றும்படி ஹாலண்ட் நிறுவனம் நூறு வருடத்துக்கு முன்பே செய்துகொடுத்தது, ஈரநாடுகளில் உரிமையாளரே கழற்றிக் காயவைப்பதற்கும் கைகொடுத்தது.

காப்பீட்டுக்கு வருவோம். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கியும் அடங்கும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பத்திரத்தின் சிறிய எழுத்தில் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, எந்தெந்த நாடு. இரண்டாவது, ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால் பணம் உண்டா. விடுதி வாசலில் நிறுத்திய ஜீப்பிலிருந்து போனது என்றால் பல பத்திரங்கள் கைவிரித்துவிடும். மூன்றாவது, மதிப்பு எப்படி முடிவாகிறது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையா, அன்றைய சந்தை விலையா? கைவேலைத் துப்பாக்கிக்குச் சந்தை விலை என்பது இரண்டு நிபுணர்கள் சண்டை போடும் விஷயம். ஒப்புக்கொண்ட தொகையாக இருந்தால் மட்டுமே எடுத்துப்போங்கள். பெட்டி சேதமாகி வந்தால் விமான நிறுவனத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். வேட்டை முடிந்து ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த 7 நாள் காட்டிலேயே கழிந்துவிடும். பெட்டி வராமல் 21 நாள் ஆனால் தொலைந்ததாகக் கணக்கு. வழக்குப் போட இரண்டு வருடம்.

இத்தனையையும் பார்த்த பிறகு பலர் வாடகைத் துப்பாக்கிக்கே போய்விடுகிறார்கள். முகாமில் நன்றாகப் பராமரித்த .375 ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஒரே பயணம், சாதாரண மான் வேட்டை என்றால் அதுவே சரி என்பது என் எண்ணமும். ஆபத்தான விலங்கு என்றால் நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பத்தடி தூரத்தில் புதரிலிருந்து காட்டெருமை வெளியே வரும்போது கட்டை தோளில் தானாக வந்து உட்கார வேண்டும், தவறிச் சுடாமல் தடுக்கும் காப்பு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரல் தேடக் கூடாது. இரவல் துப்பாக்கியில் காப்பு வேறு பக்கம் இருக்கலாம், விசை கனமாக இருக்கலாம். நடுவழி ஒன்றும் உண்டு. செதுக்கு வேலை உள்ளது வீட்டிலேயே இருக்கட்டும். அதே காலிபரில், அதே அளவில் கட்டை செய்த அலங்காரமில்லாத இன்னொன்று பயணத்துக்கு. தொலைந்தால் வருத்தப்படலாம், அழ வேண்டியதில்லை.

கடைசியாக, திரும்பும் நாள். வேட்டை நன்றாக அமைந்த சந்தோஷத்தில் கூடவந்த வழிகாட்டிக்கே ரைஃபிளைப் பரிசாகக் கொடுத்துவிட நினைப்பவர்கள் உண்டு. நல்ல மனம்தான். ஆனால் உள்ளே வந்தது தற்காலிக அனுமதியில். வந்த துப்பாக்கி வந்தவரோடு வெளியே போக வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. அங்கேயே விட்டுவிட்டுப் போனால் கொடுத்தவர் அனுமதியை மீறியவர், வாங்கியவர் உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பவர். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுவந்து, வழிகாட்டியின் பெயரில் முறையான இறக்குமதி அனுமதி வாங்கி, மாதங்கள் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். விமான நிலையத்தில் அதே பெட்டியைத் திறந்து, அதே எண்ணைக் காட்டி, எந்தக் காகிதத்தோடு உள்ளே வந்தார்களோ அதே காகிதத்தோடு பெரும்பாலானவர்கள் வெளியே போகிறார்கள். வழிகாட்டிக்கு மிச்சமிருக்கும் தோட்டாவையாவது கொடுக்கலாமா என்று கேட்டால், அதற்கும் அவருடைய உரிமத்தில் அந்தக் காலிபர் இருக்க வேண்டும்.